தேதி போட்ட கவலை

தஞ்சாவூர் கீழவாசலிலோ கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலோ காலையில் கடை திறக்கிற வியாபாரி, தங்க விலைக்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கிறார். 120 அடியில் இன்று எத்தனை அடி, 93.47 டி.எம்.சி.யில் இருப்பு எவ்வளவு, வரத்து எத்தனை கன அடி. விதைக்கடை, உரக்கடை, டிராக்டர் ஷோரூம், அடகுக்கடை, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று எல்லாருடைய தீபாவளி வியாபாரமும் பொங்கல் வியாபாரமும் அந்த மூன்று எண்களில் அடங்கியிருக்கின்றன. அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் அணை திறக்கவில்லை. 2017-ல் திறந்தது அக்டோபர் 2-ம் தேதி. 2022-ல் யாரும் எதிர்பாராமல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் நாள் தவறாமல் திறந்தும் குறுவை காய்ந்தது. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த ஊரில் தொழில் நடத்துகிறவரிடம் ‘கவலையை விடுங்கள், நேர்மறையாக இருங்கள்’ என்று சொல்லாத மேடைப் பேச்சாளர் கிடையாது. கேட்கிறவரும் கைதட்டிவிட்டு, மண்டப வாசலுக்கு வந்ததும் போனை எடுத்து லாரி எங்கே நிற்கிறது என்று விசாரிப்பார். அறிவுரையில் பிழையில்லை. எந்தக் கவலையைப் பற்றி அது பேசுகிறது என்பதுதான் விளங்குவதில்லை. இதைக் குறித்துப் புத்தகங்கள் சொல்வதையும், ஆய்வாளர்கள் அளந்ததையும், டெல்டாவின் நூறாண்டுத் தொழில் அனுபவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்குப் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில் தலைவரின் கவலையில் நாள் குறிக்க முடிந்தது ஒரு வகை, முடியாதது இன்னொரு வகை. முதல் வகையை மனத்திலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு மாற்றலாம். இரண்டாவதைப் பல பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். மன உறுதி இரண்டுக்கும் வேண்டும், ஆனால் தனியாக நின்று எதையும் தீர்க்காது.

ஓர் அரிசி ஆலைக்குள் போய்ப் பார்த்தால் இது புரியும். புழுங்கல் அரிசிக்கான நெல் ஊறல் தொட்டிக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் திரும்பி வர வழியில்லை. ஊறும் நேரம் கூடினால் அரிசியில் வாடை ஏறும். அவித்த நெல் உடனே காய்ந்தாக வேண்டும். களத்தில் காயவைக்கிற ஆலையில் அவியல் போட்ட அன்று மேற்கே கருத்தால், முதலாளியிலிருந்து களத்துப் பெண்கள்வரை எல்லாருடைய பேச்சும் நின்றுவிடும். டிரையர் போட்டவருக்கு அந்தக் கவலை இல்லை. டிரையர் கடனின் மாதத் தவணை இருக்கிறது. களத்து மேஸ்திரி ஒரு கைப்பிடி நெல் அள்ளி, ஒன்றை உரித்துக் கடிக்கிறார். நறுக்கென்று உடைந்தால் அரவைக்குப் போகலாம். ஈரப்பதம் காட்டும் கருவி மேஜைமேலேயே இருக்கிறது. ஆனாலும் அது காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்னால் முதலாளியும் ஒரு நெல்லை வாயில் போட்டுப் பார்க்கிறார்.

அரசுக்கு அரைத்துக் கொடுக்கும் அரவை முகவர் என்றால் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பித் தர வேண்டும். நெல் ஈரமாக வந்தாலும் பதர் கூடினாலும் அந்தக் கணக்கு மாறாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 2025 அக்டோபரில் குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. நிலையங்களின் வாசலில் நெல் தார்ப்பாய்க்கு அடியில் குவியல் குவியலாகக் கிடந்து முளைவிட்டது. வரம்பை 22 ஆக உயர்த்தும்படி மாநில அரசு கேட்க, மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போயின. சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 என்று அறிவித்த ஆண்டு அது. விலை கையில் இருந்தது, நெல் களத்தில் இருந்தது, நடுவில் சில சதவீதம் ஈரம்.

வானத்தைவிட எட்டாத இடங்களிலிருந்தும் கவலை வரும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதித்தார்கள். தமிழ்நாட்டு ஆலைகள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தின. பிறகு 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. கடைகளில் இன்று அந்த மூட்டை சாதாரணம். கவலையிலிருந்து ஒரு கிலோ அரிசி தூரத்தில் தீர்வு இருந்தது என்று இதை ரசிக்கலாம். எல்லாம் அப்படி வாய்க்காது. 2023 ஜூலையில் பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை, ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. இரண்டும் விலக 2024 செப்டம்பர், அக்டோபர் ஆயிற்று. ஓராண்டுக்கு மேல் இது நடந்தபோது டெல்டாவில் இருக்கிற ஒருவர் தன் மன நிலையை மாற்றிக்கொண்டு அதில் எதையும் மாற்றியிருக்க முடியாது.

இனிப் புத்தகங்கள். கவலையை ஒழிக்க அமெரிக்காவில் டேல் கார்னகி 1948-லும் நார்மன் வின்சென்ட் பீல் 1952-லும் எழுதிய நூல்கள் உலகம் முழுக்கப் போயின. தமிழில் எம்.ஆர்.எம். அப்துற்-றஹீம் ‘கவலைப்படாதே’ என்ற தலைப்பிலேயே எழுதினார். பெட்டிக்கடை வைத்தவர்கள் இரவில் படித்த எழுத்து அவருடையது. டெல்டாவுக்கு இன்னும் நெருங்கிய பெயர் எம்.எஸ். உதயமூர்த்தி. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் விளநகரில் பிறந்து, அமெரிக்காவில் பேராசிரியராகவும் பின்னர் தொழிலதிபராகவும் இருந்த, ‘எண்ணங்கள்’ நூலை எழுதியவர். 1988-ல் வந்த ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தின் கதாநாயகனுக்கு பாலசந்தர் வைத்த பெயரே உதயமூர்த்தி. மனத்தில் விதைப்பதுதான் வாழ்க்கையில் விளையும் என்பது ‘எண்ணங்கள்’ நூலின் அடிப்படை. அதை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் பலருக்கு அந்த ஒரு புத்தகம்தான் துணை. ஆனால் அவர் வாழ்க்கையின் திசையையும் பார்க்க வேண்டும். எண்ணங்களைப் பற்றி எழுதியவர், மக்கள் சக்தி இயக்கம் தொடங்கி, நதிகளை இணைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசப் போனார். காவிரிக்கரையில் பிறந்தவருக்குத் தண்ணீரை எண்ணத்தால் மட்டும் வரவழைக்க முடியாது என்று தெரிந்திருக்கும்.

ஆய்வாளர்கள் இந்த விஷயத்தில் இரண்டு முக்கியமான வேலைகளைச் செய்திருக்கிறார்கள். ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சந்தித்து, ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் எழுதிய அந்தக் கட்டுரை 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கையில் பணமில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே மனிதர்கள் புதிர்களில் தடுமாறினார்கள், பணம் வந்த பிறகு தேறினார்கள். சர்க்கரை ஆலை வெட்டு உத்தரவு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் தருவதால், பருவத்தையும் வெயிலையும் காரணம் காட்ட முடியவில்லை. புள்ளியியல் பற்றி விவாதம் எழுந்தது உண்மை. ஆனால் சம்பள நாளுக்கு முந்தின வாரம் கூட்டல் கணக்கில் தடுமாறிய எந்த முதலாளிக்கும் இந்த முடிவு புதிதாக இருக்காது. பணமுடை என்பது புத்தியில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் அவர் பெரிய முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது என்பது இதன் கொடுமை.

இரண்டாவது, கேப்ரியேலே ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் வேலை. படிப்பு முடித்த மாணவர்களில், நல்ல வேலையில் இருப்பதாகக் கற்பனை செய்து மகிழ்ந்தவர்கள் இரண்டு ஆண்டு கழித்துக் குறைவாகவே சம்பாதித்தார்கள், குறைவாகவே விண்ணப்பம் போட்டிருந்தார்கள். பழைய அனுபவத்தை வைத்து ‘எனக்குக் கிடைக்கும்’ என்று நம்பியவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. நம்பிக்கையும் பகல்கனவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதேபோல் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் 1980-களில் சொன்ன வழி ஒன்று: கவலைப்பட தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி ஒதுக்கிவிடு, மற்ற நேரத்தில் கவலை வந்தால் அந்த அரை மணிக்குத் தள்ளிவை. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் நம்மூர்ப் பழைய மண்டி முதலாளிகள் இரவு கடை சாத்தும் முன் கணக்குப்பிள்ளையோடு பேரேட்டைத் திறந்து உட்கார்ந்த நேரம் கிட்டத்தட்ட இதுதான். இப்போது பேரேடு டேலியாகிவிட்டது, உட்காரும் நேரம் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் நாள் முழுக்கக் கவலை வந்துகொண்டே இருக்கிறது.

பாக்கி வசூலைப் பற்றிய இந்தப் பேச்சு டெல்டாவின் எந்த மண்டியிலும் கேட்கக்கூடியதுதான்.

“அண்ணே, எர்ணாகுளம் பார்ட்டி இன்னும் பணம் போடலை.”

“எத்தனை நாளாச்சு?”

“அறுபத்தஞ்சு.”

“சரி, பாத்துக்கலாம்.”

‘பாத்துக்கலாம்’ என்பதில் நேர்மறை எண்ணம் நிறையவே இருக்கிறது, நாள் மட்டும் இல்லை. எழுபத்தைந்தாம் நாள் நேரில் போவது, தொண்ணூறாம் நாள் சரக்கை நிறுத்துவது என்று எழுதிவைத்தவருக்கு அறுபத்தைந்தாம் நாள் ராத்திரி தூக்கம் வரும்.

ஆனால் நாள் குறிப்பதில் ஒரு பொறி உண்டு. ஜிம் காலின்ஸ் 2001-ல் எழுதிய மேலாண்மை நூலில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஸ்டாக்டேல் வருகிறார். வியட்நாம் சிறையில் ஏழு ஆண்டுக்கு மேல் கிடந்தவர். சிறையில் முதலில் ஒடிந்துபோனவர்கள் யார் என்று கேட்டபோது, கிறிஸ்துமஸுக்குள் விடுதலை, ஈஸ்டருக்குள் விடுதலை என்று நாள் சொல்லிக்கொண்டிருந்த நம்பிக்கைவாதிகள் என்றார். அப்படியானால் நான் மேலே சொன்னது அடிபடுகிறதா? இல்லை என்றே நினைக்கிறேன். ஜூன் 12-ம் தேதி தண்ணீர் வந்துவிடும் என்று நாள் குறிப்பது ஒடிகிற வகை. வராவிட்டால் ஜூலை 1-க்குள் எவ்வளவு உரத்தைக் கம்பெனிக்குத் திருப்புவது, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று நாள் குறிப்பது வேறு. முதலாவது மேட்டூருக்குத் தேதி போடுகிறது, இரண்டாவது தனக்கே தேதி போட்டுக்கொள்கிறது. டெல்டாவில் மூடிப்போன கடைகளில் கணிசமானவை முதல் வகை என்பது என் அனுமானம். 2012 முதலான எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியை ஒவ்வொரு ஜூனிலும் பொய்யாக்கின.

நாளே குறிக்க முடியாத கவலைகளைப் பற்றி டெல்டாவின் வரலாறு புத்தகங்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் வங்கி இடிந்து விழுந்தது. தென்னாட்டின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதில் போயிற்று. திருவிடைமருதூரில் பிறந்து சென்னையில் வழக்கறிஞராக இருந்த வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் அந்த வழக்குகளை நடத்தியதோடு நிற்கவில்லை. நம் பணத்துக்கு நம் வங்கி வேண்டும் என்று கிளம்பியவர்களில் முன்னால் நின்றார். 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. ஊரே பீதியில் இருந்த அந்த ஆண்டில் நேர்மறையாக இருப்பது என்றால் பங்கு விற்கக் கிளம்புவது என்று அவர் புரிந்துகொண்டார்.

அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1904-ல், கும்பகோணம் வங்கி தொடங்கியிருந்தது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி. தஞ்சை மாவட்டத்தோடு நின்றுகொள்வோம் என்று அது தன் எல்லையைக் குறுக்கிக்கொண்டது. முதல் கிளையை மன்னார்குடியில் திறந்தது 1930-ல்தான். 26 ஆண்டுகள் கிளையில்லாமல் ஒரு வங்கி! அவசரக்காரருக்கு அது பயந்தாங்கொள்ளித்தனம். ஆனால் அந்தக் காலத்தில் தென்னாட்டில் முளைத்த வங்கிகளில் எத்தனை பெயர் இன்று நினைவிலிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பயம் மூலதனத்தைப் போலவே வேலை செய்திருப்பது தெரியும். அதே வங்கிக்கு 2018 பிப்ரவரியில் வேறு வகைச் சோதனை. சர்வதேசப் பணமாற்று முறைக்குள் புகுந்தவர்கள் மூன்று மோசடிப் பரிமாற்றங்களை அனுப்பிவிட்டார்கள். மொத்தம் 20 லட்சம் டாலருக்கு நெருக்கம். பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி நாடு முழுக்கப் பேச்சாக இருந்த அதே வாரத்தில், வங்கி தானாகவே அதை வெளியிட்டது. நிர்வாக இயக்குநர் என். காமகோடி பத்திரிகைகளிடம் பேசினார். மறைத்துவைத்து, தெரிந்துவிடுமோ என்று மாதக்கணக்கில் அஞ்சுவதைவிட, சொல்லிவிட்டு ஒரு வாரம் அடிபடுவது மலிவு. இதை நான் தலைமைப் பண்பு என்பேன். புன்னகையோடு மேடையில் நிற்பதை அல்ல.

குறுவையின் கதை இன்னும் நம்மூருடையது. 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. குறுகிய வயதும் நல்ல விளைச்சலும் கொண்ட அந்த ரகம் குறுவைப் பரப்பைப் பெருக்கியது. விளைவு, அறுவடை சரியாக வடகிழக்குப் பருவமழையில் போய் விழுந்தது. ஈர நெல்லை என்ன செய்வது என்று ஆலைகளும் விவசாயிகளும் தவித்தார்கள். 1967-ல் திருவாரூரில் கூட்டுறவு நவீன அரிசி ஆலையை ஒட்டி இதற்கான ஆராய்ச்சி தொடங்கியது. அது நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகி, 1984-ல் தஞ்சாவூருக்கு வந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக நிற்கிறது. ஒரு வட்டாரத்தின் ஈர நெல் கவலை, கட்டடமும் ஆய்வகமும் பட்டப்படிப்பும் உடைய நிறுவனமாக வளர்ந்தது. கவலை தீர்ந்துவிட்டதா என்றால், 2025 அக்டோபரைத்தான் மேலே பார்த்தோமே. ஆனாலும் அன்று ஆளாளுக்குத் தனித்தனியே புலம்பிய விஷயம் இன்று அளவீடாக, உலர்த்தும் கருவியாக, பயிற்சியாக மாறியிருக்கிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் கண்ட வழி இதைவிட எளிது. ஆதிரெங்கத்தில் 2006 முதல் நடந்த நெல் திருவிழாவில் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுத்தார். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். 174 பாரம்பரிய ரகங்களை இப்படி மீட்டார். வெள்ளத்தைத் தாங்குவது, வறட்சியைத் தாங்குவது, உவரைத் தாங்குவது என்று ரகம் ரகமாக ஊர்களில் பரவியபோது, எந்த ஆண்டு எது வரும் என்ற கவலையும் பல வயல்களுக்குப் பிரிந்துபோனது. இதற்கு மாறாக, 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒரே இரவில் தோப்புகள் படுத்தன. தென்னையை மட்டும் நம்பியிருந்த கொப்பரை வியாபாரிக்கும் கயிறு ஆலைக்காரருக்கும் மறு காய்ப்புவரை சில ஆண்டுகள் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அங்கே எந்தச் சுயமுன்னேற்ற நூலும் உதவியிருக்காது.

யார் தலையில் கவலையை இறக்குகிறோம் என்ற கேள்வியைப் பெரும்பாலான தலைமைப் பேச்சுகள் தொடுவதில்லை. முதலாளி நிம்மதியாக இருக்கிறார் என்றால், லோடுமேன் கூலி இரண்டு வாரம் தள்ளிப்போயிருக்கலாம். களத்துப் பெண்களுக்கு மழை நாளில் கூலியே இல்லாமல் இருந்திருக்கலாம். சிரித்த முகத்தோடு கஷ்டத்தை மறைக்கும் முதலாளியைவிட, ‘இந்த மாதம் முடை, 20-ம் தேதி கொடுத்துவிடுவேன்’ என்று சொல்லி, 20-ல் கொடுப்பவரிடம்தான் ஆட்கள் நிற்கிறார்கள்.

கவலை நோயாகிற கட்டமும் உண்டு. 2019 ஜூலையில் காபி டே நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தா மறைந்தபோது, கடன் நெருக்கடியைத் தனி ஆளாகச் சுமக்கிற முதலாளிகளைப் பற்றி நாடே பேசியது. பின்னர் அவர் மனைவி மாளவிகா ஹெக்டே பொறுப்பேற்று, நிறுவனம் சொத்துகளை விற்றுக் கடனைப் பெருமளவு குறைத்தது. ஒருவர் மனத்தில் என்ன நடந்தது என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நம்மூரில் ஒரு மில் முதலாளி தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போவதை மரியாதைக் குறைவாக நினைப்பதுதான் உடனடியாக மாற வேண்டிய வழக்கம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் மனநல மருத்துவரைப் பார்க்கத் திருச்சிக்குப் போகிறவர்கள் உண்டு. போன் போட்டால் போதும்: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

கடைசியாக, சட்டமே கவலைக்குத் தேதி போட்ட ஓர் உதாரணம். குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தராவிட்டால், 2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அதை உண்மையில் கொடுக்கிற ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். சரக்கு அனுப்பியது அரிசி ஆலை என்றால், மேலே சொன்ன எர்ணாகுளம் பார்ட்டிக்கும் இது பொருந்தும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு வைத்திருக்கிற அரிசி ஆலை, பில்லில் அந்த எண்ணை அச்சிட்டு அனுப்பினால் வாங்குகிறவரின் ஆடிட்டரே நினைவூட்டுவார். ஆனால் இந்தச் சலுகை உற்பத்தியாளருக்கும் சேவை தருகிறவருக்கும் மட்டுமே. அதே தெருவில் நெல்லையும் அரிசியையும் வாங்கி விற்கிற மண்டிக்காரர் உத்யமில் பதிவு செய்திருந்தாலும் அந்த 45 நாள் அவருக்குக் கிடையாது. அவர் தன் தேதியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.